பின்கதவில் ஒரு பெயர்

தக்காளிப் பெட்டி இரண்டு நடுரோட்டில் சரிந்து விழுந்ததை மணிமேகலை வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே மாமனார் சின்னராஜுக்குத் தெரிந்துவிட்டது. சந்தையிலிருந்து திரும்பிய வண்டியின் பின்பக்கம் கயிறு கட்டியிருந்ததைக் கிணற்று மேட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டார்.

“கதவு பேத்துக்கிச்சா?”

“கொக்கி துருப்பிடிச்சுப் போச்சுங்க மாமா. கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கேன்.”

“கயிறு எத்தினி நாளைக்கு நிக்கும்?”

அவர் எழுந்து பார்க்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வரவும் இல்லை. ஆஸ்பத்திரி ஆம்புலன்சில் வந்து இறங்கியதுதான் கடைசி. அன்றிலிருந்து அவர் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. ரேஷன் கடையானாலும் கோயிலானாலும் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடைதான்.

போன கார்த்திகையில் களத்தில் நடந்ததை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டியை மணிமேகலையின் கணவன் ராஜ்குமார் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா சின்னராஜ் பின்னால் நின்று “வா, வா” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஈரத்தில் அவர் கால் சறுக்கியது மகனுக்குக் கண்ணாடியில் தெரியவில்லை. பின்கதவு இடித்துத் தள்ளியது. டயர் வலது காலில் ஏறி நின்றது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், வலி பொறுக்க மாட்டாமல் மகனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “என் கண்ணு முன்னாடி நிக்காத.”

மகன் நிற்கவில்லை. அன்று மாலையே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். யாருடைய போனிலிருந்தோ ஒரு தடவை மணிமேகலையைக் கூப்பிட்டு, “அப்பாவைப் பாத்துக்க. என்னைத் தேடாத” என்றான். அதோடு சரி.

அவனுடைய போன் அணைந்தே கிடக்கிறது. ஆனாலும் அந்த எண் வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாது என்று மாதாமாதம் மணிமேகலை அதற்கு ரீசார்ஜ் செய்கிறாள். ‘யாரும் எடுக்காத நம்பருக்கு எதுக்கும்மா?’ என்று கடைக்காரர் குருமூர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் ஒரு தர்மம்தான்.

தம்பி பார்த்துக் கொடுத்த இந்தப் பழைய குட்டியானையை அவளே ஓட்டப் பழகிக்கொண்டாள். ஓட்டுவதில் கஷ்டமில்லை. பின்னால் எடுப்பதில்தான். இறங்கிப் போய்ப் பின்னால் பார்ப்பாள், ஏறிக் கொஞ்சம் எடுப்பாள், மறுபடி இறங்கிப் பார்ப்பாள். நின்று கை காட்ட ஆளில்லை.

மகள் பிரியா கம்பெனி பஸ்சுக்குக் கிளம்பியபடியே சொன்னாள். “அம்மா, ஜூஜுவாடில பழைய வண்டி உடைக்கிற யார்டு நெறைய இருக்குது. நஞ்சம்மா யார்டுன்னு கேளு. ஏமாத்த மாட்டாங்களாம். எங்க கம்பெனி லைன்ல இருக்கிற அக்கா சொல்லுச்சு.”

“சரி கண்ணு. டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா?”

“எடுத்துக்கிட்டேன். தாத்தாவ மத்தியானம் சாப்பிடச் சொல்லிட்டுப் போ. நீ இல்லைன்னா அவரு சோத்துத் தட்டையே தொடறதில்ல.”

அவள் போன பிறகு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேரும் ஒருவனை நினைத்துக்கொண்டிருப்பவர்கள். அவன் பெயரை மட்டும் இருவருமே சொல்வதில்லை.

*

நஞ்சம்மா யார்டில் வண்டிகள் சக்கரம் இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கதவுகள் ஒரு பக்கம், பம்பர்கள் ஒரு பக்கம், பழைய கூடையொன்றில் ஹெட்லைட்டுகள். ஹைவேயில் லாரிகள் கர்நாடகாவுக்குப் பறந்துகொண்டிருந்தன. உள்ளே ஓடாத வண்டிகளுக்கு நடுவே இரும்பை அறுக்கும் காஸ் கட்டரின் சீற்றம் மட்டும் கேட்டது.

கட்டரை அணைத்துவிட்டு ஒருவர் நிமிர்ந்தார். பெயர் வெள்ளைச்சாமி. பேச்சிலேயே தெற்கத்திச் சீமை தெரிந்தது.

“என்ன தாயி வேணும்?”

“குட்டியானைக்குப் பின்கதவு வேணுங்கண்ணா.”

“டிரைவர வரச் சொல்லலியா? அளவு கிளவு பாக்கணுமே.”

“நான்தாங்க டிரைவர்.”

“அடி ஆத்தீ!” வெள்ளைச்சாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். “மன்னிச்சுக்கிருங்க தாயி. எம் பொண்டாட்டிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, ஆனா என்னைய நல்லா ஓட்டுவா. அந்த நெனப்புல கேட்டுட்டேன்.”

மணிமேகலைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து வெகு நாளாயிற்று என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

“வாங்க, ஒங்களுக்குன்னே ஒண்ணு வந்துருக்கு. முன்பக்கம் அப்பளம். பின்பக்கம் ஒரு கீறல் கெடையாது.”

மதில் ஓரத்தில் வெள்ளை நிறக் குட்டியானை ஒன்று கிடந்தது. நம்பர் பிளேட்டை ஏற்கெனவே கழற்றியிருந்தார்கள். வெள்ளைச்சாமி சுற்றிக்கொண்டு பின்னால் போனார். அவளும் போனாள்.

பின்கதவில் மஞ்சள் எழுத்தில் ‘பிரியா’ என்று எழுதியிருந்தது.

எழுத்தின் இரு பக்கமும் இரண்டு பச்சைக் கிளிகள். கீழ் மூலையில் மூன்றாவதாக ஒன்று. அதைக் கிளி என்று பெற்றவர்களால்தான் சொல்ல முடியும். பெயிண்டர் வேலையை முடித்த நேரத்தில், ஆறு வயதுப் பிரியா தானும் ஒரு கிளி வரைவேன் என்று அழுதாள். ராஜ்குமார்தான் அவள் கையைப் பிடித்து வரையவைத்தான். வந்தது காக்கா. “கிளி வெயில்ல கறுத்துப் போச்சு, அவ்வளவுதான்” என்று அன்று சிரித்தான்.

அந்தக் காக்கா இங்கே, இந்த வண்டியில் இருந்தது.

மணிமேகலை மெல்ல நடந்து முன்பக்கம் வந்தாள். ஸ்டியரிங் சீட்டோடு சீட்டாக ஒட்டியிருந்தது. உட்கார்ந்திருந்தவனுக்கு இடமே இல்லை. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“தாயி! ஏ தாயி!” வெள்ளைச்சாமி ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்தார். “வெயிலுல மயக்கமா?”

“இது... இது எங்க வண்டிங்க. ஓட்டினவரு எங்க?”

வெள்ளைச்சாமியின் முகம் மாறியது. “எனக்குத் தெரியாது தாயி. நேத்து நான் லீவு. கிரேன்ல கட்டி இழுத்தாந்தாங்கன்னு சொன்னாங்க. நஞ்சக்காவுக்குத்தான் தெரியும். வாங்க, சாமி அலமாரிக்கிட்ட இருப்பாங்க.”

“சாமி அலமாரியா?”

அவர் நடந்துகொண்டே சொன்னார். “எங்க யார்டுல ஒரு பழக்கம். கட்டர் வைக்கிறதுக்கு முந்தி, வண்டியில இருக்க சாமிய எறக்கிருவோம். சாமி இருக்கும்போது நெருப்பு வைக்கலாமா? ஓனர் வந்தா அவரு கையாலதான் எடுக்கணும், எடுத்துக்கிட்டுப் போயிருவாரு. வராதவங்க சாமியத்தான் அலமாரியில வைப்போம்.”

“வராதவங்கன்னா?”

வெள்ளைச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

*

ஆபீஸ் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட அலமாரி. அதில் எத்தனை சாமிகள்! டாஷ்போர்டில் ஒட்டியிருந்த பசையோடு பிள்ளையார்கள். வேல் ஒடிந்த முருகன். கண்ணாடிக்குள் வேளாங்கண்ணி மாதா. பச்சைத் துணியில் பிறை. ஓடிய வண்டிகள் எல்லாம் இரும்பாகிவிட, அவற்றைக் காத்தவர்கள் இங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு மண் அகல், அணையும் தறுவாயில்.

நஞ்சம்மா உள்ளே போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை நிற்க மணிமேகலையால் முடியவில்லை.

“நேத்து வந்த வண்டியோட சாமி எதுங்கண்ணா?”

“புதுசா வந்தது கடைசியில இருக்கும். குங்குமம் ஈரமா இருக்கும் பாருங்க.”

ராஜ்குமாரின் வண்டியில் இருந்தது ஓசூர் மலைமேல் இருக்கிற சந்திரசூடேஸ்வரர் படம். ஆயுதபூஜைக்குக் கற்பூரம் காட்டும்போது ஒரு மூலை கருகிவிட்டது. மாற்றலாம் என்று அவள் சொன்னபோது, “கருகினாலும் அவரு நம்மாளு” என்று அவன் விடவில்லை.

அந்தக் கருகிய மூலையைப் பார்த்துவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டாள். ‘அப்பனே, மலைமேல இருக்கிறவனே, நீ மட்டும் இங்க இருந்துடாத.’ சாமியை இருக்காதே என்று வேண்டியது வாழ்க்கையில் அவளுக்கு அதுதான் முதல் தடவை.

கண்ணைத் திறந்தாள். கடைசியில், ஈரக் குங்குமத்தோடு இருந்தது தர்மஸ்தலா மஞ்சுநாதர் படம்.

அவள் நம்பவில்லை. முதல் தட்டிலிருந்து ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். தூசி தட்டிப் பார்த்தாள். சந்திரசூடேஸ்வரர் எந்தத் தட்டிலும் இல்லை.

கதவு மட்டும்தான் அவர்களுடையது. நொறுங்கிய வண்டி வேறு யாருடையதோ. அவர்கள் வண்டி முன்பே இங்கே வந்து, கதவு இதற்கு மாறியிருக்க வேண்டும். ஆனால் அவன் சாமி இங்கே இல்லை. அப்படியானால் அவன் கையாலேயே எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

தெரியாத ஒரு சாமிக்கு முன்னால் நின்று மணிமேகலை வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. இந்த மஞ்சுநாதரைக் கும்பிட்டுவிட்டு வண்டி எடுத்த ஒருவன் இருக்கிறான். அவனுக்கும் ஒரு வீடு இருக்கும்.

போனை முடித்துக்கொண்டு வந்த நஞ்சம்மா, அழுத கண்ணோடு நிற்கும் அவளைப் பார்த்தார். நஞ்சம்மா நல்ல உயரம். மூக்கின் இரு பக்கமும் மூக்குத்தி.

“ஏனம்மா, என்ன ஆச்சு?”

“இந்தச் சாமிக்காரரு எப்படி இருக்காருங்க அக்கா?”

நஞ்சம்மா மஞ்சுநாதரைத் திரும்பிப் பார்த்தார். “கால் ஒடைஞ்சிருக்குது. உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனேக்கல் பையன். வண்டி மோதுறப்போ வெளிய தூக்கிப் போட்டுருச்சு, மஞ்சுநாத தேவரு காப்பாத்தினாரு. இங்க வர்றவங்க கியர்பாக்ஸ் எப்படி இருக்குதுன்னு கேப்பாங்க. ஓட்டினவன் எப்படி இருக்கான்னு நீ ஒருத்திதான் கேட்ட.”

“விளக்கு அணையப் போகுதுங்க. கொஞ்சம் எண்ணெய் இருந்தா குடுங்க அக்கா, அவருக்காக ஊத்திட்டுப் போறேன்.”

நஞ்சம்மா உள்ளேயிருந்து பாட்டிலைக் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சமே கொஞ்சம் இருந்தது. மணிமேகலை திரியைத் தூண்டி, சிந்தாமல் ஊற்றினாள். சுடர் நிமிர்ந்தது.

“இது நான் வாங்குற எண்ணெய் இல்லம்மா” என்றார் நஞ்சம்மா, விளக்கைப் பார்த்துக்கொண்டே. “அமாவாசைக்கு அமாவாசை ஒருத்தரு கொண்டாந்து வெப்பாரு. பாவம், ரொம்பப் பேச மாட்டாரு. எஃப்.சி. முடிஞ்சு இனி ரோட்டுல ஓட்ட முடியாத வண்டியை இங்க போட வந்தாரு. சாமிய மார்போட அணைச்சுக்கிட்டு எறங்கினாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘எல்லாத்தையும் அறுத்துக்கோங்க, பின்கதவ மட்டும் அறுக்காதீங்கம்மா, என் பொண்ணு பேரு இருக்குது’ன்னு.”

மணிமேகலை அலமாரியைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் அறுக்கல. முழுசா கழட்டி அந்த ஆனேக்கல் பையன் வண்டிக்குப் போட்டேன். அடுத்த அமாவாசைக்கு வந்து, ‘கதவு எங்க?’ன்னாரு. வேற வண்டியில ஏறிடுச்சுன்னேன். ‘ஓடுதா?’ன்னாரு. ஓடுதுன்னேன். அந்த மொகத்தப் பாக்கணும் நீ, அப்படி ஒரு சந்தோசம். இப்ப அந்தக் கதவு சுத்திட்டு இங்கயே வந்துருச்சு.”

“அக்கா... அந்தப் பொண்ணு என் பொண்ணுங்க.”

நஞ்சம்மா அவள் கையைப் பற்றினார். நிறைய நேரம் விடவில்லை. யாரோ ஒருவனுடைய சாமிக்கு ஊற்றிய எண்ணெய் எங்கே போய்ச் சேரும் என்று ஊற்றுகிற கைக்குத் தெரிவதில்லை.

“எங்க இருக்காருங்க?”

“கேட்டா அத்திப்பள்ளிப் பக்கமா கையக் காட்டுவாரு. அதுக்கு மேல சொல்ல மாட்டாரு. நாளன்னிக்கு அமாவாசை. வந்தா என்ன சொல்லட்டும்?”

எத்தனையோ இருந்தது சொல்ல. எவ்வளவு கோபம், எவ்வளவு ராத்திரி. மணிமேகலை யோசித்து இதை மட்டும் சொன்னாள்:

“கதவு ஓடுதுன்னு சொல்லுங்க அக்கா. எந்த வண்டியிலன்னு கேட்டா, உங்க பொண்டாட்டி ஓட்டுற வண்டியிலன்னு சொல்லுங்க.”

நஞ்சம்மா தலையசைத்தார். அப்புறம் தயங்கினார்.

“மறைக்கக் கூடாதும்மா. போன அமாவாசைக்கு அவரு வரல. அதான் எண்ணெய் தீந்துபோச்சு.”

*

வெள்ளைச்சாமி, கிளிகளின்மேல் ஸ்பானர் பட்டுவிடாமல், அந்தக் கதவை அவள் வண்டியில் பொருத்தினார். மூடித் திறந்து காட்டினார்.

“ஒரு சாக்கு இருந்தா குடுங்கண்ணா, மூடிக்கிறேன்.”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கு?”

“எங்க மாமா இதைப் பாக்கக் கூடாதுங்க.” அவரை இடித்துத் தள்ளியது இந்தக் கதவு. அவர் கண்ணுக்கு எதிரில் கடைசியாகப் பெரிதாகி வந்தது இந்தப் பெயர். அதை எப்படி வீட்டு வாசலுக்குக் கொண்டுபோவது?

“சாக்கு எத்தன நாளைக்கும்மா மூடும்?” என்றார் நஞ்சம்மா.

காலையில் மாமா கேட்ட அதே கேள்வி. இருந்தாலும் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் கிளம்பினாள்.

வழியெல்லாம் எதிரில் வந்த ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டுகிறவன் முகத்தைப் பார்த்தாள். கம்பெனி பஸ்கள் ஆட்களைக் கொட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. இத்தனை ஜனத்தில் ஒரே ஒரு ஆள் இல்லாதது இவ்வளவு பெரிய வெறுமையா என்று இருந்தது. அவன் உயிரோடு இருக்கிறான், பக்கத்திலேயே இருக்கிறான் என்று தெரிந்த பிறகு அந்த வெறுமை குறையவில்லை. கூடியது.

தங்கள் ஊரான தொரப்பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னராஜ் வாசலில் அவரைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானச் சோற்றுத் தட்டு மூடியபடியே இருந்தது.

மணிமேகலை வண்டியைத் திருப்பி, ஷெட்டுக்குள் பின்னால் எடுத்தாள். காற்று அடித்தது. கண்ணாடியில் சாக்கின் ஒரு முனை பறப்பது தெரிந்தது. அடுத்த கணம் சாக்கு கீழே கிடந்தது.

அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி உலுக்கி அணைந்தது.

கண்ணாடியில் சின்னராஜ் எழுந்திருப்பது தெரிந்தது. ஊன்றுகோலைத் தேடினார். எடுத்தார். நடந்தார். எந்த வண்டிக்கும் பக்கத்தில் வராதவர், நேராக வண்டிக்குப் பின்னால், அன்று நின்ற அதே மாதிரி வந்து நின்றார். இறங்கி ஓடலாமா என்று நினைத்தாள். கை கதவுப் பிடியிலேயே நின்றுவிட்டது.

அவர் குனிந்து மூன்றாவது கிளியைத் தொட்டார். விரலால் அதன் இறக்கையை ஒருமுறை தடவினார். வெகு நேரம் அப்படியே நின்றார்.

பிறகு ஒரு ஓரமாக விலகி நின்று, ஊன்றுகோல் இல்லாத கையைத் தூக்கினார்.

“ஸ்டார்ட் பண்ணும்மா. வா... வா... இன்னும் இடம் இருக்குது, வா...”

அவளுக்குக் கண்ணாடி கலங்கலாகத் தெரிந்தது. வண்டி கோணலாகப் போனது.

“கண்ணத் தொடச்சுட்டு ஓட்டும்மா. செவுத்துல மோதப் போற.”

துடைத்துக்கொண்டாள். வண்டி ஒரே மூச்சில் உள்ளே போய் நின்றது. ஒரு தடவைகூட இறங்கிப் பார்க்கவில்லை.

இறங்கி வந்து அவளே சொன்னாள். அலமாரியை, எடுத்துப் போன சாமியை, எண்ணெயை எல்லாம் சொன்னாள். போன அமாவாசைக்கு வராததையும் மறைக்கவில்லை.

“உசுரோட இருக்கான்” என்றார் சின்னராஜ். அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நல்லெண்ணெய் இருக்குதா?” என்றார்.

“இருக்குதுங்க மாமா.”

அவரே உள்ளே போனார். டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பாட்டிலில் எண்ணெய் நிரப்பி, வாயைப் பிளாஸ்டிக் காகிதத்தால் மூடி, நூலால் இறுகக் கட்டினார். ஷெட்டுக்கு வந்து, முன் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கையில் அதை வைத்தார். சாய்ந்துவிடாமல் தன் துண்டைச் சுற்றி அணைகட்டினார்.

கதவை மூடவில்லை. திறந்த கதவைப் பிடித்தபடி, உள்ளே ஏறும் படியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நாளன்னிக்கு அந்த இருக்கையில் போகப்போவது எண்ணெய்ப் பாட்டில் மட்டும்தானா என்று மணிமேகலை அவரையே பார்த்தாள். அவருடைய நல்ல கால் மட்டும், படியின் உயரம் பார்ப்பது போல, தரையை விட்டு லேசாக எழும்பி மறுபடி இறங்கியது.